பூட்டிய கோப்புகளும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களும்

லினக்ஸ் அறிமுகக் கூட்டம் என்ற அறிவிப்பைக் கண்டால் இலக்கிய வாசகர்கள் பொதுவாகப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். பொறியியல் மாணவர் சமாசாரம், நமக்கென்ன என்ற எண்ணம். சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரம், புதுச்சேரி என்று பல ஊர்களில் பயனர் குழுக்கள் தம் விடுமுறை நாள்களையும் கைக்காசையும் செலவழித்து இக்கூட்டங்களை நடத்தியிருக்கின்றன. இவற்றுக்கு முதலில் போக வேண்டியவர்கள் சிற்றிதழ்க்காரர்களும் தமிழாசிரியர்களுமே என்பது நம் கருத்து. கூட்டம் நடத்தும் நண்பர்களிடமும் நமக்குச் சில வார்த்தைகள் உண்டு.

முதலில் சொல்லைப் பற்றி. (தமிழ் வாத்தியார்களுக்கு வேறெங்கிருந்து தொடங்கத் தெரியும்!) ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல் விடுதலையையும் விலையின்மையையும் குறிப்பதால், 1983இல் குனு திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன் தாம் சொல்வது விடுதலையையே என்று விளக்கிக்கொண்டே இருக்க நேர்ந்தது. தமிழுக்கு அந்தத் தொல்லை இல்லை. ‘கட்டற்ற மென்பொருள்’ என்ற அழகான தொடர் நம்மிடம் வழக்கில் இருக்கிறது. இருந்தும் துண்டறிக்கையில் ‘இலவச மென்பொருள் பயிற்சி’ என்றே அச்சாகிறது. இலவசம் என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டில் ஓர் அரசியல் வரலாறே உண்டு. 2011க்குப் பின் அரசு அறிவிப்புகளில் ‘விலையில்லா’ என்று அதற்கு மாற்றுப்பெயரும் வந்தது. அவ்வாண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. விலையின்றிக் கைக்கு வந்துவிட்டதாலேயே ஒரு மாணவி அதைத் திறந்து பழகிவிடுவாளா? பக்கத்தில் உட்கார்ந்து காட்ட ஒருவர் வேண்டும். அந்த ஒருவரைத் தரக்கூடியவை இக்கூட்டங்கள்தாம்.

இலக்கியக்காரர்களுக்கு இக்கொள்கை புதிதும் அன்று. 1949இல் அரசு பாரதியின் எழுத்துரிமையைத் தன்வசமாக்கியதன் பயனாக அவர் பாடல்கள் எல்லார்க்கும் பொதுவாயின. நாட்டுடைமை என்றால் என்னவென்று நம் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. 1989இல் வெளியான குனு பொது உரிமம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: எடுத்துக்கொள், திருத்து, பிறர்க்கும் கொடு; கொடுக்கும்போது உனக்குக் கிடைத்த அதே உரிமைகளை அவர்க்கும் கொடு. பதிப்பாசிரியர் ஒருவர் தாம் கண்ட பாடபேதங்களையும் திருத்தங்களையும் மறைக்காமல் அடுத்தவர்க்கு விட்டுச்செல்வது போன்ற ஏற்பாடு இது.

நிற்க. கூட்டங்கள் எப்படி நடக்கின்றன? கல்லூரிக் கணினிக்கூடம். திரையில் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்து அச்சுப்பொறிக் கதை. பிறகு 1991, லினஸ் டோர்வால்ட்ஸ், பென்குவின். அடுத்துக் கறுப்புச் சன்னலொன்று திறக்கும். அதில் கட்டளைகள் ஓடும். பாதிப்பேர் சான்றிதழுக்காக உட்கார்ந்திருப்பார்கள். ஊரிலிருந்து ஆவலோடு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா என்று கேட்கக் காத்திருந்து, கேள்வி நேரம் வருமுன் பேருந்துக்கு எழுந்து போய்விடுவார். அவருக்குத் தமிழ்99 விசைப்பலகையை நிறுவிக்காட்டப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடந்தான் கூட்டத்தின் முதல் பத்து நிமிடமாக இருக்க வேண்டும். இடமும் மாற வேண்டும்: கிளை நூலகம், பள்ளிக்கூடம், வாசகர் வட்டம் கூடும் அறை. கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் கட்டற்ற மென்பொருளைப் பள்ளிகளுக்குள் கொண்டுசென்றபோது, சாதாரணப் பாட ஆசிரியர்களையே பயிற்றுநர்களாக்கியது. நம் பக்கத்துக் குழுக்கள் கணினித்துறை மாணவர்களை மட்டுமே நம்பியிருந்தால், அவர்கள் வேலை கிடைத்து ஊரைவிட்டுப் போனதும் குழுவும் அவர்களோடு போய்விடும்.

கூட்டத்துக்குப் பிந்திய வாரமே சோதனை. நிறுவிய அன்று எல்லாம் நன்றாக இருக்கும். நான்காம் நாள் அச்சுப்பொறி முரண்டு பிடிக்கும். யாரைக் கேட்பது என்று தெரியாதவர் கடைக்காரரிடம் எடுத்துப்போய்ப் பழையதையே போட்டு வாங்கிவிடுவார். ஒரே நாளில் ஐம்பது கணினிகளில் நிறுவுவதைவிட, ஐந்து பேரை மூன்று மாதம் விடாமல் கவனிப்பது மேல்.

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. தற்காலிக நீட்டிப்பு ஒரு தள்ளிப்போடல்தான். விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் தகுதி இல்லாத பழைய கணினிகள் நல்ல நிலையிலேயே கழித்துக்கட்டப்படும். அவற்றில் லினக்ஸ் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். ஆனால் நாம் அஞ்சுவது இயந்திரத்துக்காக அன்று, அதற்குள் இருப்பவற்றுக்காக.

தொண்ணூறுகளிலும் இரண்டாயிரங்களிலும் வந்த சிற்றிதழ்களில் பெரும்பகுதி பேஜ்மேக்கரில் வடிவமைக்கப்பட்டது. அம்மென்பொருளின் கடைசிப் பதிப்பு, ஏழாவது, 2001இல் வந்தது. அதன்பின் அது வளரவில்லை. எழுத்துருக்களோ ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு குறியாக்கம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி டாப், டாம் என்ற தரங்கள் வந்தும் குழப்பம் தீரவில்லை. ஒருங்குறி நிலைபெறுவதற்குள் பல இதழ்களின் கோப்புகள் குறுந்தகடுகளில் அடங்கிப்போயின. இன்று திறந்தால், கோப்பு திறந்தாலும், கவிதை இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் சிதறிக் கிடக்கும். ஓலைச்சுவடியைச் செல் அரித்ததென்று நூறாண்டுகளாக வருந்துகிறோம். இருபது வயதுகூட நிரம்பாத இதழ்களைப் படிக்க முடியாமற்போவது நம் கண்ணெதிரே நடக்கிறது!

இதற்கான கருவிகள் கட்டற்ற மென்பொருள் உலகில் உண்டு. லிப்ரேஆபிஸ் 2015 முதல் பேஜ்மேக்கர் கோப்புகளை உள்வாங்குகிறது. வடிவம் சற்றுக் கலையும், எழுத்து பெரும்பாலும் கிடைக்கும். பழைய குறியாக்கங்கள் பலவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்கள் ஓப்பன்-தமிழ் தொகுப்பில் இருக்கின்றன. அச்சுப்பிரதி மட்டுமே மிஞ்சியிருந்தால் டெஸராக்ட் படத்திலிருந்து தமிழ் எழுத்தைப் பிரித்துத் தரும். இவற்றை இயக்கத் தெரிந்த இளைஞர்கள் அக்கூட்டங்களில் இருக்கிறார்கள். எதை மீட்க வேண்டும், மீட்டது சரியா என்று சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இருவரும் ஒரே அறையில் உட்காரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே அடுத்த அறிவிப்பைக் கண்டால் வெறுங்கையோடு போக வேண்டாம். பழைய குறுந்தகட்டையும் அதன் நகலொன்றையும் எடுத்துச்செல்லுங்கள். இதழை வடிவமைத்த அச்சகத்தார் இன்னும் தொழிலில் இருந்தால், எந்த எழுத்துருவைப் பயன்படுத்தினார்கள் என்று கேட்டு அந்த எழுத்துருக் கோப்பையும் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. அச்சான இதழின் ஒரு பிரதியும் பையில் இருக்கட்டும். மாற்றிய வரிகளில் ஒற்று விழுந்திருக்கிறதா, கொம்பு இடம் மாறியிருக்கிறதா என்று ஒப்புநோக்க அது வேண்டியிருக்கும்.