நெஞ்சில் நீர் கட்டினால் தொழிலைக் கேளுங்கள்: கல்நார் பற்றி எங்கள் நிலைப்பாடு

நெஞ்சில் நீர் கட்டிக்கொண்டு ஒருவர் மருத்துவமனைக்கு வந்தால், மாத்திரை எழுதும் முன் அவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "முப்பது, நாற்பது வருஷத்துக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?" அவர் சொல்லும் பதிலை ஓ.பி. சீட்டில் எழுத வேண்டும். மங்களூர் ஒன்றியத்திலும் விருத்தாசலத்திலும் உள்ள பீங்கான் தொழிலாளர்கள், அவர்கள் குடும்பத்தார், எங்களோடு நிற்கும் சில மருத்துவர்கள் ஆகியோரின் முதல் கோரிக்கை இது. மற்றவை எல்லாம் இதற்குப் பின்னால்தான் வருகின்றன.

எங்கள் மங்களூர் ஓட்டுக்குப் பேர்போன கர்நாடக மங்களூர் அல்ல. கடலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரிப் பூமி இது. மழை பொய்த்த வருஷங்களில் எங்கள் ஆட்கள் விருத்தாசலத்துச் சூளைகளுக்கும், அனல்மின் நிலையங்களின் ஒப்பந்த வேலைக்கும், சென்னையில் கட்டட வேலைக்கும் போவார்கள். அகல் விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கட்டை என்று விருத்தாசலம் செய்யாத பீங்கான் சாமான் குறைவு. அந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுக்கும் அரசு நிறுவனமும் அங்கேயே இருக்கிறது. மண்ணைக் குழைத்து நெருப்பில் இட்டுப் பிழைக்கும் ஊர் என்பதில் எங்களுக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையோடுதான் தூசியைப் பற்றியும் பேசுகிறோம்.

நுரையீரலைச் சுற்றி மெல்லிய இரட்டை உறை ஒன்று இருக்கிறது. பிளூரா என்பார்கள். அந்த உறையில் வரும் அரிய புற்றுநோய் மீசோதீலியோமா. இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். பீடி, சிகரெட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கல்நாரின் இழை கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. மூச்சோடு உள்ளே போய் நுரையீரலின் ஓரத்தை எட்டி அங்கேயே தங்கிவிடும். உடம்பால் அதைக் கரைக்க முடியாது. இழை உள்ளே போவதற்கும் நோய் தெரிவதற்கும் இடையே 20 முதல் 50 ஆண்டுகள் ஓடிவிடும். இருபது வயதில் பார்த்த வேலைக்கு அறுபது வயதில் மூச்சு வாங்கும்போது, இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

பீங்கான் மண்ணில் உள்ள சிலிக்கா வேறு, கல்நார் வேறு. சிலிக்காத் தூசி நுரையீரலின் உள்ளே தழும்பேற்றி சிலிகோசிஸை உண்டாக்கும். கல்நார் நுரையீரலையும் கெடுக்கும், உறையையும் தாக்கும். சூளைத் தொழிலாளிக்கு இரண்டும் வாய்த்திருக்கலாம். ஏனென்றால் கதவு இடுக்கை அடைக்கக் கல்நார்க் கயிறு, சூடான சரக்கை எடுக்கக் கல்நார்க் கையுறை, சூடு வெளியேறாமல் இருக்கக் கல்நார்ப் பலகை எல்லாம் உலகெங்கும் சூளைத் தொழிலில் நெடுநாள் புழங்கியவை. நைந்துபோன கயிற்றைப் பிய்த்து எறிந்துவிட்டுப் புதிதாகத் திணிக்கும் வேலையை யார் செய்தார், எத்தனை வருஷம் செய்தார் என்பது எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

நோய் தொடங்கும் விதமே ஆளை ஏமாற்றும். மூச்சு வாங்கும், ஒரு பக்க நெஞ்சு வலிக்கும், எடை குறையும், எக்ஸ்ரேயில் நீர் கட்டியிருப்பது தெரியும். நம் நாட்டில் நெஞ்சில் நீர் என்றால் மருத்துவர் மனம் முதலில் காசநோய்க்குத்தான் போகும். அதில் தவறில்லை, பெரும்பாலும் அதுதான் காரணம். சிலிக்காத் தூசி பட்டவர்களுக்குக் காசநோய் இன்னும் எளிதாக வரும். எனவே யாரும் டி.பி. மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறோம். ஆனால் நீரை எடுத்த பிறகும் மறுபடி கட்டுகிறது, மாத்திரை சாப்பிட்டும் வலி குறையவில்லை, நீரில் கிருமியும் தென்படவில்லை என்றால் ஆறு மாதம் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எடுத்த நீரைச் சோதித்து மட்டும் மீசோதீலியோமாவைக் கண்டுபிடிப்பது கடினம். உறையிலிருந்து சதைத்துண்டு எடுத்து, தனிச் சாயங்கள் ஏற்றிப் பார்த்தால்தான் உறுதியாகும்.

இன்னொரு காரணத்துக்காகவும் அந்தச் சதைத்துண்டு தேவை. உறையில் வரும் கட்டி எல்லாமே மீசோதீலியோமா அல்ல. தனித்த நார்க்கட்டி என்று ஒன்று அதே இடத்தில் வரும். கல்நாருக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெரும்பாலும் சாதுவானது. முழுதாக அறுத்து எடுத்துவிட்டால் பலர் நலமாகிவிடுவார்கள். இரண்டில் எது என்று தெரியாமல் ஒருவரைப் படுக்கையில் போட்டுவைப்பது பெரிய அநியாயம். மீசோதீலியோமாவுக்கு அப்படிப்பட்ட நல்ல செய்தி இன்னும் இல்லை. சிஸ்பிளாட்டினோடு பெமெட்ரெக்செட் சேர்த்துக் கொடுத்த 2003-ஆம் ஆண்டு ஆய்வில் நோயாளிகளின் சராசரி ஆயுள் 9 மாதத்திலிருந்து 12 மாதமாக நீண்டது. அதற்குப் பிறகு நோயெதிர்ப்பு மருந்துகள் வந்திருக்கின்றன, விலையும் அதற்கேற்ப இருக்கிறது.

தொழிலைக் கேளுங்கள் என்பது புதிய யோசனை அல்ல. இத்தாலிய மருத்துவர் ரமசினி 1700-இலேயே தொழிலாளர் நோய்கள் பற்றிய தம் நூலில், நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு இதையும் சேர்க்கச் சொன்னார். 1960-இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் அவர் தோழர்களும் 33 மீசோதீலியோமா நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஒருவரைத் தவிர எல்லோருக்கும் கல்நாரோடு ஏதோ ஒரு தொடர்பு இருந்தது. சுரங்கத்துக்குள் கால் வைக்காமல், சுரங்க ஊரில் பிறந்து வளர்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். 1965-இல் லண்டனில் நியூஹவுஸும் தாம்சனும் விசாரித்தபோது, கணவரின் வேலைத் துணியைத் துவைத்த பெண்களுக்கும் அந்த நோய் வந்திருந்தது தெரிந்தது. ஆகவே கேள்வியை ஆண்களிடம் மட்டும் கேட்டால் போதாது. "உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பார்த்தார், அவர் துணியை யார் துவைச்சது?" என்றும் கேட்க வேண்டும்.

கூரையைப் பற்றிச் சொல்லாமல் இந்த அறிக்கை முடியாது. எங்கள் ஊர்களில் கூரை வேய்ந்த வீடு கல்நார் கலந்த சிமெண்ட் ஷீட்டுக்கு மாறியதை முன்னேற்றம் என்றுதான் நாங்களும் கொண்டாடினோம். தீப்பிடிக்காது, வருஷா வருஷம் மாற்ற வேண்டாம். அசையாமல் கிடக்கும் நல்ல ஷீட்டால் ஆபத்து குறைவு என்பதையும் ஒளிக்கவில்லை. ஆனால் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்த மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதை யாரும் மறக்கவில்லை. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன, ஷீட்டுகள் பறந்து நொறுங்கின. உடைந்ததைச் சேற்றுப் பாதையில் கொட்டி மிதிப்பதும், ஆட்டுக் கொட்டகைக்கு அறுப்பதும், துளை போடுவதும் நாம் எல்லோரும் செய்கிற காரியம். இழை பறப்பது அப்போதுதான். உடைந்த ஷீட்டை நனைத்து, உடைக்காமல் இறக்கி, பிளாஸ்டிக் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்ட வேண்டும். உலர்ந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. முகத்தில் துண்டு கட்டுவது இந்த இழையைத் தடுக்காது. புயல் நிவாரணப் பொருள்களோடு முறையான முகமூடியும் அந்தத் தாளும் வர வேண்டும், ஒவ்வோர் ஊராட்சியிலும் உடைந்த ஷீட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் இடம் குறிக்கப்பட வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்தைக் கேட்கிறோம்.

வெள்ளைக் கல்நார் என்ற வகை ஆபத்தில்லாதது என்று விற்பவர்கள் சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, வெள்ளை உட்பட எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்று தரும் என்று முதல் பிரிவில் வைத்திருக்கிறது. வேலையிடத்துக் கல்நாரால் உலகில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கு மேற்பட்டோர் இறப்பதாக அந்த நிறுவனமே சொல்கிறது. 50-க்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன; நம் பக்கத்து நேபாளமும் அதில் உண்டு. இலங்கை 2018-இல் தடையைத் தொடங்க இருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, ஒரு வண்டைக் காரணம் காட்டி இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. அதையடுத்துத் தடைத் திட்டம் திரும்பப் பெறப்பட்டது. ரஷ்யாதான் உலகின் பெரிய கல்நார் ஏற்றுமதியாளர். இந்தியாவில் புதிய சுரங்கக் குத்தகையை நிறுத்திப் பல்லாண்டுகள் ஆயின. இறக்குமதி மட்டும் நிற்கவில்லை. தோண்டுவதற்கு ஆகாத பொருள் கூரைக்கு எப்படி ஆகும் என்ற கேள்விக்கு மத்திய அரசு பதில் சொல்ல வேண்டும். இறக்குமதி நிற்க வேண்டும். அதுவரை பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை எதற்கும் கல்நார் ஷீட்டைத் தமிழ்நாடு அரசு வாங்கக் கூடாது. சூளைகளில் கயிற்றுக்குக் கண்ணாடி இழைக் கயிறு கிடைக்கிறது. அதற்கு மாறும் சிறு பட்டறைகளுக்கு மானியம் தர வேண்டும். இரண்டு சூளை வைத்திருப்பவர் தலையில் இந்தச் செலவைக் கட்டுவது நியாயமில்லை. செராமிக் ஃபைபர் போர்வையையும் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்க மாட்டோம். அதுவும் புற்று தரக்கூடும் என்ற ஐயப் பட்டியலில் இருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. கல்நார்த் தொழிலில் இருப்பவரின் மருத்துவப் பதிவேட்டை, வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு அல்லது வேலையை விட்ட பின் 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க உத்தரவிட்டது. தொழில்நோய்ப் பட்டியலில் மீசோதீலியோமாவுக்கு நெடுங்காலமாக இடம் இருக்கிறது. ஆனால் இழப்பீடு கேட்க வேலைச் சான்று வேண்டும். கூலிக்குப் போனவருக்கு எந்த மேஸ்திரி சான்று கொடுத்தார்? ராஜஸ்தான் அரசு 2019-இல் சிலிகோசிஸ் போன்ற தூசி நோய்களுக்குத் தனிக் கொள்கை கொண்டுவந்து, சான்றளிக்கப்பட்டவருக்கு 3 லட்சம் ரூபாயும், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சமும் தருகிறது. அதே போன்ற கொள்கை தமிழ்நாட்டுக்கு வேண்டும், அதில் மீசோதீலியோமாவும் சேர வேண்டும். மாநிலம் முழுவதும் இயங்கும் புற்றுநோய்ப் பதிவேட்டில் நோயாளியின் பழைய தொழிலும் ஒரு கட்டமாக இடம்பெற வேண்டும்.

அரசு செய்யட்டும் என்று நாங்கள் உட்கார்ந்திருக்கப் போவதில்லை. எங்கள் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டுப் போடுகிறோம். எந்தச் சூளை, எந்த வருஷம், கயிறு மாற்றினாரா, கையுறை எது, கூட வேலை செய்தவர் யார், துணி எங்கே துவைக்கப்பட்டது என்று வயதானவர்களிடமிருந்து தொடங்கி எழுதுகிறோம். மருத்துவமனைக்குப் போகும்போது எக்ஸ்ரே உறைக்குள் அந்த நோட்டும் இருக்கும்.