மூலத்துக்கு அல்ல, சோற்றுக்கு

உத்திரமேரூர் வட்டாரத்தில் வெண்பன்றிக்கறி வாங்க நிற்பவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை கவனித்துப் பாருங்கள். தெரிந்த முகம் எதிரே வந்துவிட்டால் போதும், யாரும் கேட்காமலே ஒரு விளக்கம் வரும்: "மூலத்துக்கு நல்லதுன்னு சொன்னாங்க, அதான்." ஆட்டுக்கறிக் கடையில் நிற்கிற எவரும் தனக்கு என்ன வியாதி என்று சொல்லி வாங்குவதில்லை. பசிக்கு வாங்குகிறார், ருசிக்கு வாங்குகிறார். பன்றிக்கறிக்கு மட்டும் ஏன் நோய் ஒன்றைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டியிருக்கிறது?

மூலத்துக்கு முதலில் வேண்டியது நார்ச்சத்தும் தண்ணீரும். எந்தக் கறியிலும் நார்ச்சத்து கிடையாது. சாப்பாடு என்று சொல்லக் கூச்சமாக இருப்பதால் மருந்து என்று சொல்லிக்கொள்கிறோம். அந்தக் கூச்சம் வேண்டாத கூச்சம், ஏழைக் குடும்பங்களுக்கு நஷ்டம் தருகிற கூச்சம் என்பதுதான் என் கட்சி.

நஷ்டக் கணக்கைப் பாருங்கள். பன்றிக்கறியின் விலை ஆட்டுக்கறி விலையில் பாதிகூட இல்லை. ஆறு பேர் உள்ள வீட்டில் அரைக்கிலோ ஆட்டுக்கறி வாங்கினால் என்ன நடக்கும் என்று நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். ஆண்களுக்கு நாலு துண்டு, பிள்ளைகளுக்கு இரண்டு துண்டு, சமைத்தவளுக்குக் குழம்பு. அதே பணத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் பன்றிக்கறி வரும். சமைத்தவள் தட்டிலும் கறி விழும். பிராய்லர் கோழி இன்னும் சல்லிசு என்பீர்கள். உண்மைதான். ஆனால் ஏழை என்றால் வருஷம் முழுக்க பிராய்லரையே தின்ன வேண்டும் என்று என்ன சட்டம்? மாட்டுக்கறிக்கும் இதே கதைதான், அதை இன்னொரு நாள் பேசுவோம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இஸ்லாமியர் விலக்குவது அவர்கள் மார்க்கம். சைவ உணவுக்காரர்கள் எல்லாக் கறியையும் விலக்குகிறார்கள். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆட்டின் தலை, குடல், ரத்தம் வரை விடாமல் சாப்பிட்டுவிட்டு, பன்றி என்றதும் மூக்கைப் பிடிக்கிறார்களே, அவர்களோடுதான் வழக்கு.

அவர்கள் சொல்லும் முதல் காரணம் அசுத்தம். "அது கண்டதையும் தின்னும், நாடாப்புழு வரும்" என்கிறார்கள். அந்தப் புழு பன்றிக்குள் தானாகப் பிறப்பதில்லை. புழு உள்ள மனிதனின் மலத்தில் முட்டை இருக்கிறது. திறந்தவெளியில் கிடக்கும் அதைத் தின்கிற பன்றியின் தசையில் கட்டி உண்டாகிறது. அரைவேக்காட்டுக் கறி வழியாக மறுபடி மனிதனுக்கு வருகிறது. இதில் அசுத்தம் செய்தது யார்? இன்னொன்றும் கேளுங்கள். மூளைக்குப் போய் வலிப்பை உண்டாக்குவது அந்தப் புழுவின் முட்டையிலிருந்து வருவது. முட்டை கறியில் இருப்பதில்லை. மலம் கலந்த தண்ணீரிலும், கழுவாத கையிலும், கழுவாத பச்சைக் காய்கறியிலும் வருகிறது. பன்றிக்கறியை வாழ்நாளில் தொடாதவர்களுக்கும் அந்த வலிப்பு வருவது இதனால்தான்.

இன்று கடையில் தொங்குவது பெரும்பாலும் கொட்டிலில் அடைத்துத் தீவனம் போட்டு வளர்த்த வெண்பன்றி. பக்கத்திலேயே காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் பன்றி இனவிருத்தி செய்துவருகிறது. பன்றிப் பண்ணை வைக்க அரசு மானியம் தருகிறது. நாட்டுக்கோழி குப்பையைக் கிளறிப் புழு பூச்சி தின்றால் 'சத்து' என்று கூடுதல் விலை கொடுக்கிறோம். கொட்டிலில் தவிடும் சோளமும் தின்ற பன்றி அசுத்தமாம்!

இரண்டாவது காரணம், "இது நம்ம பழக்கமில்லை." யாருடைய பழக்கம் இல்லை? காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது பெரும்பாணாற்றுப்படை. நம் தொண்டை நாட்டைச் சொல்லும் சங்கப் பாட்டு. அதில் கள் சமைக்கும் பெண்கள் ஆண் பன்றியைப் பெட்டைகளோடு சேரவிடாமல் குழியில் நிறுத்தி, நெல் இடித்த மாவைப் பல நாள் தீனியாகப் போட்டுக் கொழுக்க வைத்து, அந்தக் கறியை விருந்தாகத் தருகிறார்கள். சேக்கிழார் எந்த ஊர்? நம் மாவட்டத்துக் குன்றத்தூர். அவர் 12-ம் நூற்றாண்டில் பாடிய பெரிய புராணத்தில் கண்ணப்பர் காளத்தியப்பருக்குப் படைத்தது என்ன? வேட்டையாடிய காட்டுப்பன்றியை நெருப்பில் வாட்டி, பதம் பார்த்துத் தேர்ந்தெடுத்த கறி. சாமிக்குப் படைத்ததை எழுதிவைத்த மண்ணில் நின்றுகொண்டு 'நம்ம பழக்கமில்லை' என்பது வேடிக்கை.

ஆக, காரணம் அசுத்தமும் இல்லை, பழக்கமும் இல்லை. யார் சாப்பிடுகிறார்கள் என்பதுதான் காரணம். குடகு நாட்டுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே பன்றிக்கறி கல்யாண விருந்து. காச்சம்புளி விட்டுக் கறுக்கச் சமைத்து, கடம்பிட்டு என்கிற அரிசி உருண்டையோடு பெருமையாகப் பரிமாறுகிறார்கள். காப்பித் தோட்டக்காரர் சாப்பிட்டால் அது குலப்பெருமை. கூலிக்காரர் சாப்பிட்டால் கேவலமா? சென்னையில் பெரிய ஓட்டலில் 'பேக்கன்' என்று தட்டில் வைத்தால் நம் பிள்ளைகள் படம் எடுத்து அனுப்புகிறார்கள். 2023-ல் 'மாமன்னன்' படத்தில் பன்றி வளர்க்கிற கதாநாயகனுக்குக் கைதட்டினோம். வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவரிடம் மட்டும் "பன்னிக்கறி சமைப்பீங்களா?" என்று விசாரிக்கிறோம். அது கறியைப் பற்றிய கேள்வி இல்லை, சாதியைக் கேட்கிற கேள்வி. இதையெல்லாம் பார்த்து வளரும் பிள்ளை, திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் "நேத்து உங்க வீட்ல என்ன குழம்பு?" என்றால் "சாம்பார்" என்று பொய் சொல்லக் கற்றுக்கொள்கிறது. கணக்கில் வராத பெரிய நஷ்டம் அது.

மூன்றாவதாக, "வாடை அடிக்கும், ரப்பர் மாதிரி இருக்கும்" என்பார்கள். அவசரமாகச் சமைத்தால் அப்படித்தான். தோள்பட்டை, கால் போன்ற விலை குறைந்த பாகங்களில் சவ்வு அதிகம். அது கொதிக்கக் கொதிக்க உடனே இளகாது. சின்னத் தீயில் நேரம் கொடுத்தால்தான் பசை போல உருகிக் கறியை மெத்தென்று ஆக்கும்.

எங்கள் வீட்டில் இதைச் சமைப்பது நான்தான். எலும்பும் கொழுப்பும் கலந்த ஒரு கிலோ கறியை மஞ்சள் போட்டுக் கழுவுகிறேன். எண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம். கொழுப்புத் துண்டுகளை முதலில் மண்சட்டியில் போட்டால் அதுவே உருகி எண்ணெயாகும். அதில் கால் கிலோ சின்ன வெங்காயம், இரண்டு பூண்டு, இஞ்சி. பிறகு கறி, உப்பு, வறுத்து அரைத்த மல்லி, மிளகு, சீரகம், காய்ந்த மிளகாய். ஒரு தம்ளர் தண்ணீர், இறுக்கமான மூடி, சின்ன அடுப்பில் சிம். இரண்டு மணி நேரம் அதன் பாட்டுக்குக் கிடக்கும், நடுவில் இரண்டு முறை கிளறினால் போதும். கடைசி அரைமணியில் முன்பே வேகவைத்த மொச்சையோ நறுக்கிய வாழைக்காயோ சேர்த்தால் ஒரு கிலோ கறி ஆறு பேருக்கு இரண்டு வேளை வரும். விறகடுப்பு உள்ளவர்களுக்குத் தணலே போதும், காஸ் செலவும் இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இதற்கென்று 'ஸ்லோ குக்கர்' வைத்திருக்கிறார்கள். 1971-ல் அமெரிக்காவில் 'கிராக்பாட்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. காலையில் மலிவான கறியைப் போட்டு வேலைக்குப் போனால் மாலையில் வெந்திருக்கும். உள்ளே இருப்பது என்னவோ ஒரு பீங்கான் சட்டிதான். நம் மண்சட்டிக்கு ஒயர் மாட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ரத்தக் கொதிப்பும் இருதயக் கோளாறும் உள்ளவர்கள் மேலே மிதக்கும் நெய்யை அகப்பையால் எடுத்துவிட்டு, நாலு துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆட்டுக்கறிக்கும் இதே விதிதான்.

பிடிக்காதவர்கள் சாப்பிட வேண்டாம். சாப்பிடுகிறவரைப் பார்த்து முகம் சுளிக்கும் உரிமை மட்டும் யாருக்கும் கிடையாது. உங்கள் பேரப்பிள்ளை "தாத்தா, இன்னைக்கு என்ன கறி?" என்று கேட்டால், தெருவுக்குக் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்.