பொம்பளைங்க குதிச்சா என்னவாம்?

ஸ்கை ஜம்ப்பிங் பார்த்திருக்கீங்களா? கால்ல ரெண்டு நீளமான கட்டையை மாட்டிக்கிட்டு, பனிச்சரிவுல சர்ருன்னு இறங்கி, முனையில எம்பி, நூறு மீட்டர் காத்துல மிதந்து போய் தரையைத் தொடணும். பார்க்கிற நமக்கே வயித்தைக் கலக்கும். 1924-ல் பிரான்சின் ஷமோனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்ஸிலேயே இது உண்டு. பெண்களுக்கு எப்போ இடம் கிடைச்சது தெரியுமா? 2014-ல், சோச்சியில். தொண்ணூறு வருஷம் சாமி!

சர்வதேச பனிச்சறுக்குச் சம்மேளனத்தின் தலைவரா இருந்த ஜியான் ஃபிராங்கோ காஸ்பர் 2005-ல் ஒரு காரணம் சொன்னார். வருஷத்துக்கு ஆயிரம் தடவை ரெண்டு மீட்டர் உயரத்துல இருந்து குதிக்கிற மாதிரியாம், மருத்துவ ரீதியா பெண்களுக்கு ஒத்துவராதாம். நாடியா கொமனேச்சி 14 வயசுல அந்தரத்துல சுழன்று குதிச்சப்போ இந்த மருத்துவம் எங்கே போச்சு? அட அதை விடுங்க, தலைதெறிக்கிற வேகத்துல இறங்குற டவுன்ஹில் பனிச்சறுக்குல பெண்கள் 1948-ல் இருந்தே ஒலிம்பிக்ஸ்ல இருக்காங்களே, அது இவங்க சம்மேளனத்து ஆட்டம்தானே?

வைத்தியம் எடுபடலைன்னதும் கணக்குப் புத்தகத்தைத் திறந்தாங்க. 2006-ல் ஒலிம்பிக் கமிட்டி சொன்னது: வீராங்கனைகள் குறைவு, நாடுகள் குறைவு, உலக சாம்பியன்ஷிப்பும் நடக்கலை. நடத்த வேண்டியவங்க நடத்தாம இருந்துட்டு, ‘நடக்கலையே’ன்னு கைவிரிச்சா என்ன நியாயம்? இத்தனைக்கும் ஸ்கை கிராஸ்ங்கிற புது ஆட்டத்தை அதே கூட்டத்துல சேர்த்துக்கிட்டாங்க.

வீராங்கனைகள் கனடாவில் கோர்ட்டுக்குப் போனாங்க. 2009-ல் நீதிபதி, இது பாரபட்சம்தான், ஆனா ஒலிம்பிக் கமிட்டியை எங்க சட்டம் கட்டுப்படுத்தாதுன்னு சொல்லிட்டார். வழக்குப் போட்டவங்கள்ல ஒருத்தர் அமெரிக்காவின் லிண்ட்சே வான். அதே வருஷம் பெண்களுக்கான முதல் உலக சாம்பியன். வான்கூவர் ஒலிம்பிக்ஸுக்காகக் கட்டின சின்ன மேடையில் 105.5 மீட்டர் தாண்டி, ஆண்களையும் சேர்த்தே சாதனையை வச்சிருந்தவர். 2010-ல் அந்த மேடையில் ஆண்கள் குதிச்சாங்க, இவங்களுக்கு அனுமதி இல்லை.

பழைய கதைன்னு நினைக்காதீங்க. நார்டிக் கம்பைண்டுன்னு ஒரு ஆட்டம். முதல்ல இதே மாதிரி குதிக்கணும், அப்புறம் பனியில கிலோமீட்டர் கணக்கா சறுக்கி ஓடணும். இதுவும் 1924-ல் இருந்து ஆண்களுக்கு உண்டு. பெண்கள் 2020-ல் உலகக் கோப்பை, 2021-ல் உலக சாம்பியன்ஷிப் எல்லாம் ஆடி முடிச்சாச்சு. அப்படியும் 2026 ஒலிம்பிக்ஸுக்குக் கிடையாதுன்னு 2022-ல் முடிவு பண்ணினாங்க. சில நாடுகளே ஜெயிக்குது, பார்க்க ஆளில்லைன்னு காரணம்.

சரி, ஆண்கள் கதை என்ன? 2014, 2018, 2022 மூணு ஒலிம்பிக்ஸிலும் சேர்த்து ஆண்களுக்குக் கொடுத்த 27 பதக்கமும் ஜெர்மனி, நார்வே, ஆஸ்திரியா, ஜப்பான்னு நாலே நாடுகளுக்குப் போச்சு. இருந்தும் ஆண்கள் உள்ளே, பெண்கள் வெளியே!

‘நிஜமாவே யாரும் பார்க்கலையே, கமிட்டி என்ன பண்ணும்’னு நண்பன் ஒருத்தன் வாதாடுறான். ஒலிம்பிக்ஸ்ல சேர்த்து டிவியில காட்டினாத்தானேடா பார்க்க முடியும்?