கம்பத்தின் உச்சியில் ஒரு சிறுபறை



மெக்சிகோவில் பாப்பாந்த்லா நகருக்கு அருகே, 9 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை தழைத்திருந்த எல் தாஹீன் நகரின் இடிபாடுகளில் ஒரு பகல் கழித்தேன். அங்குள்ள பிரமிடுக்கு 365 மாடங்கள். ஆண்டின் நாள்களைக் கல்லில் எண்ணி வைத்தனர் போலும்!

வாயிலருகே நெடுங்கம்பம். உச்சியில் ஒருவர் குழலும் சிறுபறையும் ஒருங்கே இசைக்க, நால்வர் கயிற்றில் தலைகீழாகத் தொங்கி, ஆளுக்கு 13 சுற்றாகச் சுழன்று இறங்கினர். மொத்தம் 52, அவர்தம் பழைய நாள்காட்டியின் ஆண்டு வட்டமும் அதுவே. 'அஞ்ஞானச் சடங்கு' என்று முணுமுணுத்தேன். இறங்கிய இளைஞர் கழுத்திலோ சிலுவை! தோத்தோனாக் குலத்தவரான இவர்கள், நற்கருணைப் பெருவிழாவிலும் பாப்பாந்த்லாவில் இவ்வாறே பறக்கின்றனர்.

நம் தேர்ப்பவனியில் பறை வேண்டாமெனத் தடுத்தவன் நான். ஊர் திரும்பியதும் அக்கலைஞர் இல்லத்துக்கே முதலிற் சென்றேன். உட்காரச் சொன்னார், பறையைப் பற்றி இருவரும் நெடுநேரம் பேசவில்லை.