மாமாவின் மோட்டாரும் நீர்மூழ்கிக் கப்பலும்

அரிமளத்தில் எனக்கு ஒரு தாய்மாமா இருக்கிறார். இரண்டரை ஏக்கர், ஒரு கிணறு, ஒரு ஐந்து குதிரை சக்தி மோட்டார், கொஞ்சம் ரத்தக்கொதிப்பு. இவ்வளவுதான் சொத்து. போன கோடையில் அவரிடமிருந்து போன்.

''மாப்ள, மோட்டார் கல்லு திங்குது. நீ படிச்சவன்தானே, ஒரு எட்டு வந்து பாரு.''

நான் படித்தது பி.காம்.! மோட்டாருக்கும் எனக்கும் உள்ள சம்பந்தமெல்லாம், வருஷா வருஷம் அதற்குத் தேய்மானம் போட்டு பாலன்ஸ் ஷீட்டில் எழுதுவதோடு சரி. ஆனாலும் போனேன். அத்தை வைக்கும் கோழிக்குழம்பு ஒரு காரணம்.

கிணற்று மேட்டில் நின்று கேட்டால், மாமா சொன்னது சரிதான். கலவை மெஷினில் ஒரு கூடை ஜல்லியைக் கொட்டிச் சுற்றவிட்ட மாதிரி சத்தம். குழாயில் தண்ணீர் வருவதோ பத்து நிமிஷம் நன்றாக, பத்து நிமிஷம் நோஞ்சானாக. பக்கத்தில் கடலைச் செடி வாடி நிற்கிறது.

நான் போவதற்குள் மூன்று வைத்தியம் நடந்து முடிந்திருந்தது. முதலாமவர் ''பேரிங் போச்சு'' என்று பேரிங்கை மாற்றினார். சத்தம் போகவில்லை. இரண்டாமவர் ''உள்ளே கல்லு மாட்டியிருக்கு'' என்று பம்பைப் பிரித்தார். ஒரு கல்கூட இல்லை. ஆனால் உள்ளே சுழலும் இம்பெல்லரை வெளியே எடுத்தால், முகம் முழுக்க அம்மைத் தழும்பு. வார்ப்பிரும்பைக் கறையான் அரித்ததுபோல் குழி குழியாக இருந்தது. மூன்றாமவர் மோட்டார் விற்கிறவர். ''அஞ்சு பத்தாதுங்க, ஏழரை போடுங்க'' என்றார். அத்தையின் சங்கிலி அடகுக்குப் போனது, ஏழரை வந்து இறங்கியது. சத்தம் இரண்டு மடங்கானது!

ஏழரை என்ற நம்பரைக் கேட்டபோதே மாமா உஷாராகியிருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வயசான ஃபிட்டர் வந்தார். மோட்டாரைத் தொடவே இல்லை. கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றுக்குள் விட்டு, முழம் போட்டு அளந்தார். மோட்டார் உட்கார்ந்திருக்கும் திட்டிலிருந்து தண்ணீர் இருபத்தேழு அடி கீழே இருந்தது.

''தண்ணி கீழ போயிருச்சு. மோட்டார் மட்டும் மேலயே குந்தியிருந்தா எப்படிண்ணே? அதையும் இறக்குங்க.''

''இறக்குனா கல்லு சத்தம் போயிருமா?'' என்றார் மாமா, நம்பாமல்.

''அது கல்லு இல்லண்ணே, தண்ணிதான்.''

அதற்கு மேல் அவருக்கு விளக்கத் தெரியவில்லை. ஊருக்குத் திரும்பி நான் நாலு புத்தகத்தைப் புரட்டினேன். அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை.

பம்ப் தண்ணீரை இழுக்கிறது என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். அது இழுப்பதே இல்லை. தன் வாய்க்குள் அழுத்தத்தைக் குறைத்து வைக்கிறது, அவ்வளவுதான். வெளியே இருக்கும் காற்று தன் கனத்தால் கிணற்றுத் தண்ணீரை அமுக்கிக் குழாயில் ஏற்றி விடுகிறது. காற்றின் பலமே சுமார் முப்பத்து நாலு அடிக்குத்தான். நடைமுறையில் இருபது, இருபத்தைந்தைத் தாண்டினால் தகராறு. இது 1640-களில் இத்தாலியில் டாரிசெல்லி கண்டு சொன்ன சமாசாரம். ஏழரை என்ன, எழுபத்தைந்து குதிரை போட்டாலும் காற்று கூடுதலாக அமுக்காது. போதாக்குறைக்குப் பெரிய மோட்டார் அதே குழாயில் அதிகத் தண்ணீரை ஓட விடும். பம்பின் வாயில் அழுத்தம் இன்னும் விழும்.

அழுத்தம் விழுந்தால் என்ன? தண்ணீர் கொதிக்கும்! நிஜமாகத்தான். தண்ணீர் நூறு டிகிரியில் கொதிப்பது, தலைமேல் காற்று உட்கார்ந்திருப்பதால். கொடைக்கானலில் காற்றின் கனம் குறைவு. அங்கே சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தை இருபது, முப்பது பங்கில் ஒன்றாகக் குறைத்தால் பச்சைத் தண்ணீரே கொதித்துக் குமிழி விடும். மாமாவின் பம்புக்குள் நடந்தது இதுதான். அந்தக் குமிழிகள் அடுத்த கணமே அழுத்தம் அதிகமான இடத்துக்குப் போகின்றன. அங்கே பட்பட்டென்று நசுங்குகின்றன. நசுங்கும்போது ஊசி மாதிரி ஒரு நீர்த்தாரை, வினாடிக்கு நூறு மீட்டர் கணக்கில், இரும்பைக் குத்துகிறது. லட்சக்கணக்கான குத்து. சத்தமும் அதுதான், தழும்பும் அதுதான். இதற்கு 'கேவிட்டேஷன்' என்று பெயர். பல் டாக்டர் சொல்கிற 'கேவிட்டி'க்கு ஒன்றுவிட்ட தம்பி.

இந்த வியாதி முதலில் பேர் வாங்கியது கிணற்றில் அல்ல, கப்பலில். 1894-ல் இங்கிலாந்தில் சார்லஸ் பார்சன்ஸ் நீராவி டர்பைன் வைத்து 'டர்பினியா' என்று ஒரு கப்பல் கட்டினார். உலகத்தையே கலக்கப் போகிறோம் என்று ஓட்டினால், இருபது நாட் வேகத்தைத் தொடவே திணறியது. புரொப்பல்லர் அசுர வேகத்தில் சுற்றியதில், தண்ணீரைத் தள்ளாமல் குமிழிகளைக் கடைந்து கொண்டிருந்தது. நம் ஏழரை கேஸ்தான்! பார்சன்ஸ் கூடுதல் இன்ஜின் வாங்க ஓடவில்லை. 1895-ல் தண்ணீர் சுற்றி ஓடும் ஒரு சின்னத் தொட்டி செய்து, குட்டி புரொப்பல்லரை உள்ளே வைத்து, வெளிச்சத்தை விட்டு விட்டுப் பாய்ச்சிக் குமிழிகளைக் கண்ணால் பார்த்தார். பிறகு ஒரே தண்டுக்குப் பதில் மூன்று தண்டு, தண்டுக்கு மூன்றாக ஒன்பது புரொப்பல்லர் என்று வேலையைப் பங்கு போட்டார். 1897-ல் விக்டோரியா மகாராணியின் வைர விழாக் கடற்படை அணிவகுப்பில் டர்பினியா அழைப்பில்லாமல் நுழைந்தது. விரட்டிய படகுகள் எதுவும் பிடிக்க முடியவில்லை. வேகம் 34 நாட்.

புரொப்பல்லர்கள் குழி விழுந்து வீணாவதைப் பார்த்து பிரிட்டிஷ் கடற்படை தலையைச் சொறிந்தது. 1917-ல் லார்டு ராலே ஒரு குமிழி நசுங்கினால் எவ்வளவு அழுத்தம் வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஆயிரம் வளிமண்டலத்தையும் தாண்டியது விடை. வார்ப்பிரும்பு என்ன செய்யும், பாவம்!

நம் நாட்டிலும் இதற்கு ஆட்கள் உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றிய விஜய் அரகேரி, அதற்கு முன் கலிபோர்னியாவில் அகோஸ்டாவுடன் சேர்ந்து 1973-ல் எழுதிய கட்டுரையை இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். குமிழி எங்கே முதலில் பிறக்கிறது என்பது ஆராய்ச்சி. பரப்பை ஒட்டி ஓடும் மெல்லிய நீர்ப்படலம் எங்கே அதைவிட்டுப் பிரிகிறதோ, அந்த இடத்துக்கும் குமிழியின் பிறப்புக்கும் சம்பந்தம் உண்டு என்று படம் பிடித்துக் காட்டினார்கள். விசாகப்பட்டினத்தில் 1969-ல் தொடங்கிய கடற்படை ஆராய்ச்சிக் கூடத்தில் கேவிட்டேஷன் சோதனைக்கென்றே நீர்ச்சுரங்கம் இருக்கிறது. பார்சன்ஸின் தொட்டியுடைய கொள்ளுப் பேரன்.

கடற்படைக்கு ஏன் இவ்வளவு அக்கறை? இரும்பு போனால் வேறு வாங்கலாம். சத்தம்தான் பிரச்னை. நீர்மூழ்கிக் கப்பலின் புரொப்பல்லரில் குமிழி வெடித்தால், மாமாவின் மோட்டார் மாதிரி ஊருக்கே கேட்கும். எதிரி அந்தச் சத்தத்தை வைத்தே ஆளைப் பிடித்து விடுவான். இதற்கு ஒரு வழி, மெதுவாகப் போவது. இன்னொரு வழி, ஆழத்துக்குப் போவது. ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் தண்ணீரின் கனம் ஒரு வளிமண்டலம் கூடும், குமிழி தலை தூக்காது. அதாவது, 'அதையும் இறக்குங்கண்ணே!'

(அனுகூலமும் உண்டு. சொடுக்கு இறால் என்று விரல் நீளத்துக்கு ஓர் ஐந்து. கொடுக்கைச் சொடுக்கி ஒரு குமிழியை உண்டாக்கி, அது வெடிக்கிற அதிர்ச்சியில் இரையை மயக்கிச் சாப்பிடுகிறது. சத்தம் கொடுக்கு மோதுவதால் அல்ல, குமிழியால் என்று 2000-ல்தான் கண்டுபிடித்தார்கள்.)

மாமா கடைசியில் ஃபிட்டர் பேச்சைக் கேட்டார். கிணற்றுக்குள் பன்னிரண்டு அடி கீழே புதுத் திட்டு வெட்டி, பழைய ஐந்து குதிரையைப் புது இம்பெல்லரோடு இறக்கினார்கள். ஸ்விட்சைப் போட்டதும் 'ம்ம்ம்' என்று ஒரே சுருதி. ஃபிட்டர் கூலி முன்னூறு கேட்க, மாமா இருநூறுக்குப் பேரம் பேசினார். ஏழரைக்குக் கொடுத்ததை நினைத்து நான் வாயைத் திறந்தேன். அத்தை கண் ஜாடை காட்டவே மூடிக்கொண்டேன். அந்த ஏழரையைக் கடைக்காரர் பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக் கொண்டார். ஒரே மாதத்தில் ஐம்பது சதவிகிதத் தேய்மானம்! எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

கடலை பாதி தேறியது. சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது.

போன வாரம் மறுபடி போன். தண்ணீர் இன்னும் ஐந்தடி இறங்கிவிட்டதாம். கல் சத்தம் வருகிறதா என்று கேட்டேன்.

''இன்னும் இல்ல மாப்ள. ஆனா அடுத்த திட்டு வெட்டணும்னா பாறையில வெடி வைக்கணும்கிறான். நீ எப்ப வர்றே?''