கருஞ்சீரகத்தின் பெயரால் கைவிடப்படும் மாத்திரைகள்



நபிவழி மருத்துவம் என்ற பெயரில் நம் மஹல்லாக்களில் இன்று விற்கப்படுவதில் பெரும்பகுதி நபிவழியும் அன்று, மருத்துவமும் அன்று. இப்படி எழுதினால் ஹதீஸை மறுப்பதாக நம்மீது சிலர் பாய்வார்கள் என்பதை அறிந்தே எழுதுகிறோம்.

வாட்ஸ்அப்பில் ஓர் ஒலிப்பதிவு வருகிறது. இரத்த அழுத்த மாத்திரை அந்நிய நிறுவனங்களின் சூழ்ச்சியாம். காலையில் ஒரு கரண்டி கருஞ்சீரக எண்ணெய், மாதம் ஒரு ஹிஜாமா, இவை போதுமாம். ஸலவாத்துடன் தொடங்கி துஆவுடன் முடிவதால் நம் தாய்மார்கள் அதை மார்க்கத்தின் குரலாகவே கேட்கிறார்கள். மறுநாள் மாத்திரை அட்டை அலமாரியின் பின்பக்கம் போய்விடுகிறது.

உயர் இரத்த அழுத்தத்திற்குப் பெரும்பாலும் வலி கிடையாது. மேல் அளவு 180-ஐத் தொட்டவர்கூட சுப்ஹுத் தொழுகைக்கு நடந்தே வருவார். ஆகவே மாத்திரையை நிறுத்திய வாரத்தில் ஒன்றும் நேர்வதில்லை. நேர்வதெல்லாம் நல்லதாகவே தோன்றும். அம்லோடிபின் உண்பவர்கள் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். நிறுத்தினால் வீக்கம் வடியும். நீர் பிரியும் மாத்திரையை நிறுத்தியவர் இரவில் அடிக்கடி எழாமல் உறங்குவார். "கருஞ்சீரகம் உண்டேன், உடம்பு இலேசானது" என்று அவர் சாட்சி சொல்வது பொய்யன்று. உடல் இலேசானதற்குக் காரணம் மருந்தின் பக்கவிளைவு நீங்கியதே. அழுத்தம் மட்டும் மூளையின் நாளங்களிலும் இதயத்தின் சுவரிலும் சிறுநீரகத்திலும் ஓசையின்றித் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். ஒருநாள் வாய் கோணும், கை தூக்க வராது. அப்பொழுது அந்த ஒலிப்பதிவுக்காரரைத் தேடினால் அவர் வேறொரு குழுவில் நீரிழிவுக்கு மருந்து சொல்லிக்கொண்டிருப்பார்.

இதய நோயாளிகளின் நிலை இன்னும் கொடியது. அடைப்பு ஏற்பட்ட நாளத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் தருகிறார்கள். அந்த உலோக வலையின்மேல் இரத்தம் உறைந்துவிடாமல் காப்பவை இவைதாம்; உரிய காலத்திற்குமுன் நிறுத்தினால் நாளம் சட்டென்று அடைபடக்கூடும். உலோக வால்வு பொருத்தியவருக்கு வார்ஃபரின் வாழ்நாள் மருந்து. மெட்டோபுரோலால் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலியும் மாரடைப்பும் வரலாம். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உண்பவரின் முதுகில் கீறி இரத்தம் எடுத்தால் அது எளிதில் நிற்காது. ஹிஜாமா செய்யும் எத்தனை பேர், "என்ன மாத்திரை உண்கிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்கிறார்கள்?

நம் ஊரில் ஒரு பெரியவர், ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம்கூட ஆகவில்லை, இவ்வாறே மாத்திரைகளை நிறுத்தி மௌத்தானார். ஜனாஸாத் தொழுகையில், அவருக்கு எண்ணெய்ப் புட்டி கொடுத்தவர் முதல் ஸஃப்பில் நின்றார். "அஜல் வந்துவிட்டது" என்று பிள்ளைகளுக்கு ஆறுதலும் சொன்னார். அஜல் அல்லாஹ்வின் கையில் உள்ளது, ஐயமில்லை. ஆனால் கத்ரை நம்புவது வேறு, தன் செயலைக் கத்ரின் போர்வையில் மறைத்துக்கொள்வது வேறு.

இனி ஆதாரத்திற்கு வருவோம். கருஞ்சீரகத்தில் மரணம் தவிர எல்லா நோய்க்கும் நிவாரணம் உண்டு என்ற கருத்தில் ஸஹீஹான ஹதீஸ் உண்டு. தலைமேல் வைத்து ஏற்கிறோம். அதன் சொல் பொதுவாக அமைந்திருப்பினும் குறிப்பது குறிப்பிட்ட சில நோய்களையே என்று இமாம் கத்தாபீ விளக்கியிருக்கிறார்கள். காய்ச்சலைத் தண்ணீரால் தணிக்கச் சொல்லும் ஹதீஸ் ஹிஜாஸ் வாசிகளையும் அவர்களையொத்த நிலத்தாரையும் நோக்கியது என்று இப்னுல் கையிம் எழுதுகிறார்கள். "நபிவழி மருத்துவம்" என்று அவர்களுடைய நூலின் பெயரைக் கடைப் பலகையில் எழுதுவோர், அந்த நூலைப் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அபூதாவூதில் ஒரு செய்தி. ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) நோயுற்றபோது நபி (ஸல்) அவர்கள் நலம் விசாரிக்கச் சென்று, நெஞ்சில் கை வைத்து, அவருக்கு இதயத்தில் நோய் கண்டிருப்பதாகக் கூறி, ஸகீஃப் குலத்து ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லுமாறும், அவர் வைத்தியம் அறிந்தவர் என்றும் சொன்னார்கள். அஜ்வாப் பேரீச்சம்பழத்தையும் குறிப்பிட்டார்கள். இதன் அறிவிப்பாளர் தொடரில் பேச்சுண்டு, மறைக்கவில்லை. ஆனால் அஜ்வா விற்பவர்கள் இதே செய்தியின் பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வைத்தியரை விட்டுவிடுகிறார்களே, அது எந்த ஊர் அமானிதம்? ஹாரிஸ் இஸ்லாத்தை ஏற்றாரா என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் "அந்நியர் மருந்து" என்போர் கவனிக்கட்டும்.

மருத்துவம் அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்தால் விளைவுக்கு அவரே பொறுப்பாளி என்ற ஹதீஸும் அபூதாவூதில் உண்டு. ஃபிக்ஹு நூல்கள் இதன்மேல் நஷ்டஈட்டுச் சட்டமே வகுத்துள்ளன. ஒலிப்பதிவு அனுப்பும் அன்பர்கள் இந்தப் பாடத்தை ஏன் அனுப்புவதில்லை?

மீலாது மேடைகளில் இப்னுன் நஃபீஸின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். திமிஷ்கில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அவர், 1242-இல் எழுதிய உரையில், இதயத்தின் வலப்புற இரத்தம் இடப்புறம் செல்வது நடுச்சுவரின் துளைகள் வழியாக அன்று, நுரையீரல் வழியாகவே என்று எழுதினார். கேலனின் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கூற்றை அவர் மறுத்தது உடற்கூற்றை ஆராய்ந்துதான். அவர் ஷாஃபிஈ மத்ஹபின் ஃபகீஹும் ஆவார். 1288-இல் வஃபாத்தாகும்போது தம் வீட்டையும் நூல்களையும் கெய்ரோவின் மன்ஸூரி மருத்துவமனைக்கே விட்டுச் சென்றார். அவரைக் கொண்டாடிவிட்டு வீடு திரும்பி மாத்திரையைக் குப்பையில் போடுவது என்ன நியாயம்?

மருத்துவர்களிடம் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. இரண்டு நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்புகிறார்கள். மாத்திரை எதற்கென்று வயதான உம்மாவுக்கு விளக்குவார் இல்லை. விலையும் சுமைதான். ஆயினும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவை இலவசம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. கருஞ்சீரகத்தையும் தாராளமாக உண்ணுங்கள். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, மாத்திரையுடன் உண்ணுங்கள்.

சுன்னத்தின் மருத்துவம்தான் வேண்டுமென்றால், வயிற்றில் மூன்றில் ஒரு பங்கே உணவுக்கு என்ற வழிகாட்டல் இருக்கிறதே! அதை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை. வலீமாவில் இரண்டு தட்டுப் பிரியாணி, ஊறுகாய், அப்பளம், பின்னர் பந்தலுக்கு வெளியே ஒரு சிகரெட். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாக உப்பு உண்ணச் சொல்கிறது. நம் விருந்தில் அது ஒரே வேளையில் தாண்டிவிடும்.

பள்ளிவாசல் நிர்வாகிகளிடம் ஒன்று கேட்கிறோம். ஜும்ஆவுக்குப் பின் எண்ணெய்ப் புட்டிக்கு மேசை போட இடம் தருகிறீர்கள்; அழுத்தம் அளக்கும் கருவியோடு ஒரு செவிலியருக்கும் அதே இடத்தைத் தாருங்கள். குடும்பத்தாருக்கு: மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடம், விளைவுக்குப் பொறுப்பு என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேளுங்கள். நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் இடக்கை வலியும் வந்தால் வாயு என்று இஞ்சிச்சாறு தேடாமல் 108-ஐ அழையுங்கள். ரமளானில் எந்த மாத்திரையை ஸஹரில், எதை இஃப்தாரில் உண்பது, நோன்பே வைக்கலாமா என்பதை ஷஅபானிலேயே மருத்துவரிடம் கேட்டு வாருங்கள். வைக்கக்கூடாது என்று அவர் சொன்னால், களாவா ஃபித்யாவா என்று கேட்க உங்கள் ஊர் ஆலிமிடம் வாருங்கள்; அது எங்கள் வேலை.