கல்லானையும் மரபியலும்

நம் துறை மாணவர்களிடம் சுற்றுலா என்றால் மாமல்லபுரம் என்பர்; மாமல்லபுரம் என்றால் கடற்கரை என்பர். சென்ற ஆண்டு அங்கே சென்றபோது நாங்கள் கழித்த நேரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தேன். உணவுக்கும் கடல்நீராடலுக்கும் நான்கு மணி நேரம். சிற்பங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அந்தக் குறைந்த நேரத்திலும் பெரும்பகுதியைக் கைபேசிகளே எடுத்துக்கொண்டன. பயணத்திட்டத்தை வகுத்தவன் நான் என்பதால் இக்குறையை முதலில் என்மேலேயே சுமத்திக்கொள்கிறேன்.

ஐந்து இரதங்கள் என வழங்கும் ஒற்றைக்கல் கோயில்களின் நடுவே ஒரு கல்லானை நிற்கிறது. எம் மாணவர் ஒருவர் அதன் முதுகில் ஏற முயன்றார். காவலர் ஓடிவந்து தடுத்தார். வெட்கத்தால் தலைகுனிந்த நான் மாணவரை அழைத்து, "இது என்ன?" என்று கேட்டேன். "யானை, ஐயா" என்றார். அதற்குமேல் அவரிடம் விடை இல்லை. எண்ணிப் பார்த்தால், அதற்குமேல் நான் அவருக்கு ஒன்றும் கற்பித்திருக்கவில்லை.

கற்பித்திருக்க வேண்டியது என்ன? அந்த யானை ஏன் அவ்விடத்தில் நிற்கிறது என்பதைத்தான். அதன் அருகில் இருக்கும் கோயிலுக்கு நகுல சகாதேவ இரதம் என்று பிற்காலத்தார் பெயரிட்டனர். பாண்டவருக்கும் அதற்கும் தொடர்பில்லை. அக்கோயிலின் பின்புறம் வளைந்து, யானையின் பின்புறம் போன்றே அமைந்துள்ளது. இவ்வகைக் கட்டட அமைப்பை வடமொழியார் கஜபிருஷ்டம் என்பர். தமிழர் தூங்கானை மாடம் என்றனர். தூங்குதல் என்பது ஈண்டு உறங்குதல் அன்று, அசைதல். நின்ற இடத்திலேயே அசைந்துகொண்டிருப்பதால் தூங்கல் என்பதே யானையின் பெயர்களுள் ஒன்றாயிற்று. வடக்கு வாயில் வழியே நுழைபவரின் கண்ணில் யானையின் பின்புறமும் கோயிலின் பின்புறமும் ஒருசேரப் படுகின்றன. இரண்டும் தெற்கு நோக்கி நிற்கின்றன. கட்டடக்கலையின் ஒரு கலைச்சொல்லுக்கு ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி கல்லிலேயே உரை எழுதி வைத்தானோ என்று தோன்றுகிறது. அந்த யானையை இந்திரனின் ஊர்தி என்று கொள்ளும் அறிஞரும் உளர். அதுவும் பொருந்தலாம், ஒரு செய்யுளுக்கு இரண்டு உரை இருப்பது நமக்குப் புதிதன்று.

அங்கே ஒரு சிங்கமும் உண்டு. அதைப் பற்றி என் கருத்து சற்று வேறு. தமிழகக் காடுகளில் சிங்கம் இல்லை. சுருள்சுருளாக அடுக்கிய பிடரியும் பிளந்த வாயுமாக நிற்கும் அவ்விலங்கு மரபுவழி வந்த ஓவியத்தைப் பார்த்துச் செதுக்கப்பட்டது போல் இருக்கிறது. அழகுதான், ஆனால் மூச்சு விடவில்லை. யானையோ கண்ணால் கண்டு செய்யப்பட்டது. கண்டதற்கும் கேட்டதற்கும் உள்ள வேறுபாட்டை அறிய விரும்புவோர் இவ்விரு கற்களுக்கும் இடையே பத்து நிமிடம் நின்றால் போதும்.

இரதங்களை விட்டு ஊரின் நடுவே இருக்கும் குன்றுக்கு வருவோம். குன்றைச் சுற்றிப் புல்வெளியும் வேலியும் அமைத்து ஒரு பூங்காவைப் போலவே தொல்லியல் துறை பேணிவருகிறது. ஏறத்தாழ 96 அடி நீளமும் 43 அடி உயரமும் கொண்ட பெரும்பாறைச் சிற்பம் இங்குதான் உள்ளது. தவம் செய்பவர் அருச்சுனனா பகீரதனா என்ற வழக்கு அறிஞரிடையே இன்னும் முடியவில்லை. வழிகாட்டிகளும் வந்தவர்களிடம் அந்த வழக்கையே ஒப்படைத்துவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். வழக்கில் சேராத உயிர்களோ பாறையெங்கும் வாழ்கின்றன. உயிருள்ள யானையின் அளவேயான களிறும், அதன் பின்னே பிடியும், காலடியில் கன்றுகளும் நிற்கின்றன. களிற்றின் அருகே முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவக்கோலம் பூண்ட பூனை ஒன்று உண்டு. சுற்றிலும் எலிகள் அதை நம்பி நிற்கின்றன. கீழே ஒரு மான் பின்னங்காலின் குளம்பால் தன் மூக்கைச் சொறிந்துகொள்கிறது. தனிக்கல்லில் அமைந்த குரங்குக் குடும்பமும் இவ்வூரில் உண்டு. ஆண்குரங்கு பெண்குரங்கின் தலையில் பேன் பார்க்க, மடியில் குட்டி பால் குடிக்கிறது. அரசன் ஆணையிட்டுச் செய்யக்கூடிய சிற்பமா இது? தெருவோரத்தில் தாயும் மகளும் பேன் பார்ப்பதைப் பார்த்துச் சிரித்த ஒருவன் செய்ததாகவே எனக்குப் படுகிறது.

இக்குரங்குகளின் முன்னே எங்கள் பயணத்தின் ஒரே பாடம் நடந்தது. தொல்காப்பிய மரபியலில் இளமைப் பெயர்கள் ஒன்பது, ஆண்பாற் பெயர்கள் பதினைந்து, பெண்பாற் பெயர்கள் பதின்மூன்று. தேர்வில் முதன்மை பெற்ற மாணவர் அவற்றைத் தடையின்றி ஒப்பித்தார். "இவற்றுள் இந்த ஆண்குரங்குக்கு உரிய பெயர் எது?" என்றேன். விழித்தார். பின்வரிசையிலிருந்து, இலக்கணத் தாளில் இருமுறை தவறிய ஒரு மாணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஐயா, எங்கள் ஊரில் ஆண்பூனையைக் கடுவன் என்போம். இதற்கும் அதுதானோ?"

அதுவேதான். குரங்கின் ஆணுக்குக் கடுவன் என்ற பெயரைத் தொல்காப்பியர் கூறுகிறார். பெண்ணுக்கு மந்தி. குட்டிக்கோ மகவு, பிள்ளை, பறழ், பார்ப்பு என்று பல பெயர்கள். யானைக்கன்றைக் குழவி என்றும் சொல்லலாம். ஆண்மான் இரலை, கலை, பெண்மான் பிணை. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் படித்தவர்கள் இங்கே சற்று நிற்பார்கள். வேடனிடம் அகப்பட்ட பெண்மான் தன் கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பும் வரை நபிகள் நாயகம் அதற்குப் பிணை நின்ற வரலாறு அது. பிணைக்குப் பிணை! அப்படலத்தை மனப்பாடம் செய்த நம் மாணவரில் எத்தனை பேர் ஒரு பிணையைக் கண்ணால் கண்டிருப்பர்?

இங்கேதான் என் கவலை பிறக்கிறது. விலங்கைக் காணாதவனிடம் அதன் பெயர் நெடுநாள் தங்குவதில்லை. களிறு, பிடி, கடுவன் என்பன ஒருகாலத்தில் தேர்வுச் சொற்கள் அல்ல. காட்டோரம் வாழ்ந்தவனின் வாய்ச்சொற்கள். பேன் பார்க்கும் குரங்கைச் சிற்பி கண்ட அதே கண்ணால்தான் இலக்கணியும் பார்த்துப் பெயர்களை வகுத்தான். நாமோ சொற்களை வகுப்பறையிலும் கற்களைச் சுற்றுலாவிலும் வைத்துப் பிரித்துவிட்டோம். சொல் அறியாதவனுக்குக் கல்லானை ஏறி விளையாடும் மேடையாகத்தான் தெரியும்.

வேலியை இன்னும் உயர்த்தி, எவரையும் அருகில் விடாமல் தடுத்துவிட வேண்டும் என்கிறார் நண்பர் ஒருவர். 1984இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த இடம். உப்புக்காற்று அரிப்பது போதாதென்று மனிதக் கைகளும் தேய்க்க வேண்டுமா என்பது அவர் வாதம். தொடுவதைத் தடுப்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் பீடமின்றி, நாம் நிற்கும் அதே மண்ணில் கல்லானையை நிறுத்தியவன், மனிதர் அதைச் சுற்றி நடக்க வேண்டும் என்றே எண்ணியிருப்பான். தொலைவிலிருந்து பார்த்தால் தூங்கானை மாடத்தின் வளைவும் யானையின் முதுகும் ஒன்றாவது தெரியாது. காவலரின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, வரும் மாணவர் கூட்டம் ஒவ்வொன்றோடும் வாய் திறந்து பேசத் தெரிந்த ஓர் ஆசிரியர் வருவதே சிறந்த காப்பு என்பது என் துணிபு.

ஆகவே கல்லூரி நிருவாகத்துக்கும் துறைக்கும் ஒரு வேண்டுகோள். இவ்வாண்டுப் பேருந்து விடியற்காலையில் புறப்படட்டும். பாறை சூடேறுமுன் இரதங்களுக்குச் செல்வோம். கடல் மாலையிலும் அங்கேயேதான் இருக்கும். மரபியல் நூற்பாக்களை அச்சிட்ட தாள் ஒன்று ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும். குரங்குச் சிற்பத்தின் முன் பாடம் நடத்தும் பொறுப்பைக் கடுவன் என்று சொன்ன மாணவரிடமே ஒப்படைத்துவிட்டேன். யானைமேல் ஏற முயன்றவருக்குத் தூங்கானை மாடம். ஒரு மாதமாக அவர் நூலகத்தில்தான் இருக்கிறார்.